ஏணி மேலிருந்து எடுத்த படம்

குடும்பப் படம் எடுக்கிறவர்கள் செய்கிற முதல் தவறு, எல்லோரையும் வெயிலுக்கு நேராக நிற்க வைப்பது. சூரியன் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருப்பார்கள். அப்படி நிற்க வைத்தால் அத்தனை பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, புளிப்பு மாங்காயைக் கடித்தவர்கள் போல் நிற்பார்கள். வெயில் பக்கவாட்டில் விழ வேண்டும். அதுவும் சாய்ந்த வெயிலாக இருக்க வேண்டும். டிசம்பர் மாதத்துச் சாயங்கால வெயில் இதற்கு மிகவும் நல்லது. ஜூன், ஜூலையில் எங்கள் லிங்கராஜபுரத்தில் வெளிச்சத்தை நம்ப முடியாது, மேகம் மூடிக்கொள்ளும். நான் டிசம்பரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சேஷகிரி சார்.

நேற்று போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டீர்கள். "ஏணி யாக்கம்மா?" என்று கன்னடத்தில் கேட்டீர்கள். ஏணி எதற்கு என்று வாயால் சொன்னால் ஒரு வரியில் முடிந்துவிடும், ஆனால் உங்களுக்குப் புரிந்திருக்காது. அதனால்தான் எழுதித் தருகிறேன் என்றேன். உங்கள் ரைட்டருக்குத் தமிழ் படிக்க வரும் என்றீர்கள். நான் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுப்பவள், கோவையாகவே எழுதுவேன். எங்கள் வீட்டில் அம்மாவை மம்மி என்றுதான் கூப்பிடுவோம். எழுதும்போது அம்மா என்றே எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போது அப்பா ஹெர்பர்ட் வீட்டுக்கு முதல் கேமரா வாங்கி வந்தார். அண்ணன் ஓஸ்வால்டுக்குப் பொறுமை கிடையாது. தம்பி க்ளென் அப்போது சின்னவன். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். கிறிஸ்தவ வீட்டிலும் அப்படி ஒருவர் தேவைப்பட்டது போலிருக்கிறது. கேமரா என் கைக்கு வந்தது, அதன்பிறகு போகவே இல்லை.

வேலையை நன்றாகவே கற்றுக்கொண்டேன். வீட்டுக்குள் எடுப்பதானால் டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார வைக்க வேண்டும். குழந்தையை எடுக்க நாமும் மண்டி போட வேண்டும், நின்றபடி எடுத்தால் குழந்தை கிணற்றுக்குள் இருப்பது போலத் தெரியும். பின்னால் துணிக்கொடியோ காலண்டரோ தொங்குகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும். சிரி சிரி என்று அதட்டக் கூடாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, அந்தச் சிரிப்பு அடங்கும் நேரத்தில் எடுக்க வேண்டும்.

அம்மாவிடம் மட்டும் எதுவும் பலிக்காது. பொத்தானை அழுத்துகிற நேரம் பார்த்து அவளுக்குக் கண் மூடிக்கொள்ளும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். "மம்மி, முதல்லயே கண்ணை மூடிக்கோ. நான் மூணு சொன்னதும் திற" என்பேன். மூன்று என்றதும் திறப்பாள், உடனே எடுத்துவிடுவேன். எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிற படங்களில் அம்மாவின் கண்கள் அத்தனை அழகாக இருப்பது அதனால்தான். நீங்கள் வீட்டுக்கு வந்தபோது பார்த்திருப்பீர்கள். சுவர் நிறையப் படங்கள். அவற்றில் ஒன்றில்கூட நான் இல்லை என்பதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். யாரும் கவனிப்பதில்லை.

எனக்கு அதில் கோபம் உண்டு. சாந்தமாக எழுதுகிறேன் என்பதற்காகச் சின்னக் கோபம் என்று எண்ணிவிட வேண்டாம்.

நானும் கேட்காமல் இருந்ததில்லை. ஒரு படமாவது என்னை வைத்து எடுங்களேன் என்பேன். "நீ எடுத்தாத்தான் நல்லா வருது" என்பார்கள். பாராட்டு மாதிரி இருக்கும். கோலார் தங்கவயலிலிருந்து ஒரு நல்ல வரன் வந்தபோது என் படம் ஒன்று கேட்டனுப்பினார்கள். வீட்டில் இருந்த ஆல்பங்களில் தேடிப் பார்த்தேன், இல்லை. ஸ்டூடியோவுக்குப் போய்வருகிறேன் என்றேன். வீட்டிலேயே கேமரா இருக்கும்போது ஸ்டூடியோ எதற்கு என்றாள் அம்மா. க்ளென் எடுத்தான். கழுவி வந்த படத்தில் என் புடவை இருந்தது, கழுத்துச் சங்கிலி இருந்தது, புருவத்துக்கு மேலே எதுவும் இல்லை. அதைத்தான் அனுப்பினார்கள். பதில் வரவில்லை. அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், விருந்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நானும் காபி கொடுத்துக்கொண்டே சிரித்தேன்.

இப்போது ஏணிக்கு வருகிறேன். எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவர் இறந்தால், பெட்டியை மூடுவதற்கு முன் வாசலில் பெஞ்சுகளின் மேல் வைத்து, குடும்பம் முழுவதும் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். தரையில் நின்று எடுத்தால் பெட்டியின் பக்கப் பலகைதான் தெரியும், உள்ளே இருப்பவரின் முகம் தெரியாது. அதனால் எடுப்பவர் ஏணி மேல் ஏறிக்கொள்வார். எங்கள் பகுதியில் ஸ்டூடியோ வைத்திருக்கிற ஆம்ப்ரோஸ் கல்யாணத்துக்கு விளக்குகள் கொண்டு வருவார், ஞானஸ்நானத்துக்கு ஒரு பை மட்டும். ஏணி கொண்டு வருவது சாவு வீட்டுக்கு மட்டும்தான். தெருவில் அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனால் யார் வீட்டில் என்று கேட்பார்கள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அப்பா தூக்கத்திலேயே போனார். அதில் என் பங்கு எதுவும் இல்லை. எல்லோரும் வந்துவிட்டார்கள். மஸ்கட்டில் வேலை பார்க்கிற ஓஸ்வால்ட், அவன் மனைவி லீனா, பிள்ளைகள், க்ளென், எல்லோரும். ஆம்ப்ரோஸின் ஸ்கூட்டர் வழியில் நின்றுவிட்டது. ஓஸ்வால்ட் கேமராவைக் கொண்டுவந்து என் கையில் திணித்தான்.

"ஆம்ப்ரோஸுக்கு வெய்ட் பண்ணா லேட்டாயிடும். பாஸ்டர் கோவிச்சுக்குவாரு. நீயே எடுத்துடு மௌரீன்."

"அண்ணா, நானும் டாடியோட பொண்ணுதானே" என்றேன்.

பெட்டியின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "எடுடீ. நீதானே எடுக்கிறவ" என்றாள்.

பக்கத்து வீட்டில் பெயின்ட் அடிக்கிறவர்களின் ஏணியைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஏறினேன். மேலிருந்து பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யாரும் நகரவில்லை. யாரும் வேலை இருக்கிறது என்று சொல்லவில்லை. கொஞ்சம் இடது பக்கம் என்றால் இடது பக்கம் போனார்கள். எங்கள் குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து ஒழுங்காக நிற்பது ஒரு சாவுக்கு மட்டும்தான் என்பதை அந்த ஏணியின் மேல் நின்றுதான் தெரிந்துகொண்டேன். படம் நன்றாக வந்தது. அப்பாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் அதில் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகும் நான் சும்மா இருக்கவில்லை, நல்ல வழியில் முயன்று பார்த்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அம்மாவின் எழுபத்தைந்தாவது பிறந்த நாளுக்கு எல்லோரையும் கப்பன் பார்க்குக்கு வரவழைத்தேன். ஓஸ்வால்ட் லீவில் வந்திருந்தான். புதிதாக ஒரு ஸ்டாண்டு வாங்கியிருந்தேன். கேமராவில் டைமர் இருந்தது, பொத்தானை அழுத்திவிட்டு ஓடிப்போய் நாமும் நின்றுகொள்ளலாம். மூங்கில் புதர்ப் பக்கம் நல்ல நிழல், இலைகளில் பட்டு வருகிற மெல்லிய வெளிச்சம். அழுத்தினேன், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வலது ஓரத்தில் லீனா அண்ணியின் தோள்மேல் கை போட்டு நின்றேன். மூச்சு வாங்கியது. கேமராவுக்குள் ஏதோ கிர்ரென்று ஓடி, பிறகு க்ளிக் என்றது. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். அந்த வார்த்தையைப் பொதுவாக நான் உபயோகிப்பதில்லை.

நெகட்டிவை ஓஸ்வால்ட் வாங்கிக்கொண்டு போனான். மஸ்கட்டில் பெரிதாகப் போட்டு, தங்க நிற ஃப்ரேமில் அனுப்பி வைத்தான். ஹாலில் நடுவில் மாட்டினோம். ஃபிலிம் நீளமானது, ஃப்ரேம் கொஞ்சம் சதுரமானது. ஒரு பக்கம் வெட்டினால்தான் உள்ளே அடங்கும். அவன் வலது பக்கத்தை வெட்டச் சொல்லியிருக்கிறான். நான் போய்விட்டேன். லீனாவின் தோள்மேல் என் கை மட்டும் இருக்கிறது.

போனில் கேட்டேன். "ஃப்ரேம் சைஸுக்கு யாரையாவது கட் பண்ணித்தானே ஆகணும். விடு மௌரீன், இதுக்குப் போயி" என்றான். அம்மாவிடம் சொன்னேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "என் கண்ணு எவ்வளவு நல்லா வந்திருக்கு பாரு" என்றாள். மூன்று எண்ண நான் கேமராவுக்குப் பின்னால் இல்லை, தானாகவே திறந்து வைத்திருந்தாள். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

இந்த வருஷம் எங்கள் சபைக்குப் புதிய பாஸ்டர் வந்தார். அவர் மனைவி எங்களைச் சந்திக்க வீட்டுக்கு வந்தபோது அம்மா சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். இது பெரியவன், இது அவன் சம்சாரம், இது சின்னவன், எலெக்ட்ரானிக் சிட்டியில் இன்ஜினியர். நான் அம்மாவுக்கு மூச்சிழுப்புக்கு வாயில் அடித்துக்கொள்கிற பம்பை எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மாள் நல்லவர்தான். என்னைப் பார்த்துப் புன்னகை செய்து, "நீங்க நர்ஸாம்மா? இங்கேயே தங்கிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். அம்மா சிரித்தாள். "ஆமாம்மா, இவ இல்லாட்டி என் கதி என்னாகும்" என்றாள். அவ்வளவுதான். இவள் என் மகள் என்று சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டாளா, சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லையா, எனக்குத் தெரியாது. மறந்திருந்தால் இன்னும் மோசம் என்று நினைக்கிறேன். அன்று பாத்திரம் கழுவும்போது ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. உடைந்ததற்கு அம்மா திட்டினாள்.

ஏன் அம்மா, ஏன் ஓஸ்வால்ட் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஓஸ்வால்டுக்கு ஏதாவது ஆனால் மஸ்கட்டிலேயே முடித்துவிடக் கூடும், எல்லோராலும் போக முடியாது. அம்மாவுக்கு என்றால்தான் அத்தனை பேரும் வருவார்கள். அத்தனை பேரும் நல்ல உடுப்பு உடுத்தி, நகராமல், ஒரே திசையில் பார்த்து நிற்பார்கள். இந்த முறை ஆம்ப்ரோஸ் எடுப்பார். நான் தலைமாட்டில் நிற்பேன். கூட இருந்து பார்த்துக்கொண்ட மகளுக்குத்தான் தலைமாடு. அதை யாரும் வெட்ட முடியாது, நடுவில் இருப்பவரை எந்த ஃப்ரேமும் வெட்டாது. யோசித்துப் பாருங்கள், நான் கேட்டது பெரிய விஷயம் இல்லை.

டிசம்பரில் ஓஸ்வால்டும் லீனாவும் பிள்ளைகளோடு ஊருக்கு வந்து, ஜீவனஹள்ளியில் லீனாவின் அம்மா வீட்டில் தங்கியிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே திரும்ப வேண்டும் என்றார்கள். ஒரு திங்கட்கிழமை பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் ஆம்ப்ரோஸின் ஸ்டூடியோவுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு குடும்பப் படம் எடுத்துத் தர வேண்டும், வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். ஸ்கூட்டரைப் பழுது பார்த்துவிட்டீர்களா என்றும் கேட்டேன். படியிறங்கும்போது ஞாபகம் வந்து, "ஏணி மறக்காம கொண்டு வாங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. "ஏணியா? யாராவது சீரியஸா இருக்காங்களா டீச்சர்?" என்றார்.

மொட்டை மாடியிலிருந்து எடுக்கிறோம் என்றோ, ஆட்கள் அதிகம் என்றோ சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. "இல்லை, சும்மா கொண்டு வாங்க" என்றேன். ஒரு நல்ல படத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது என் பழக்கம். அந்தப் பழக்கம்தான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. வருத்தமில்லை, அது நல்ல பழக்கம்.

வியாழக்கிழமை காலை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, பரண் மேலிருந்து பழைய ஆல்பங்களை இறக்கினேன். தூசி தட்டவில்லை. அம்மாவுக்குத் தூசி ஆகாது. அதுவும் மார்கழிக் குளிரில் துளிகூட ஆகாது. ஆல்பங்களை அவள் மடியில் வைத்தேன். பம்பை என் கைப்பையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"மம்மி, இதுல நான் எங்கே இருக்கேன்னு காட்டு" என்றேன்.

சார், இந்த இடத்தை உங்கள் ரைட்டர் கவனமாகப் படிக்க வேண்டும். நான் அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். ஒரே ஒரு படத்தை, ஒரு மூலையில், யாருடைய முதுகுக்குப் பின்னாலாவது நான் நிற்கிற படத்தை அவள் காட்டியிருந்தால் பம்பைக் கொடுத்திருப்பேன். ஆம்ப்ரோஸிடம் ஏணி வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அந்த ஆல்பங்களை அதற்கு முந்தைய வாரமே நான் முழுவதும் பார்த்துவிட்டேன் என்பது உண்மைதான். அதில் நான் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வாய்ப்பு வாய்ப்புதானே.

அம்மா புரட்டினாள். முதலில் விளையாட்டாகப் புரட்டினாள், பிறகு வேகமாக. தும்மினாள். ஒரு ஆல்பம் முடிந்து அடுத்ததை எடுத்தாள். எனக்காக அவள் எதையாவது தேடியது என் நினைவில் அதுதான் முதல் தடவை. முகம் சிவந்து, நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கிவிட்டது. கடைசியில் நிமிர்ந்து, "எல்லாமே நீ எடுத்ததுதானேடீ. எல்லாத்துலயும் நீதான் இருக்கே" என்றாள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் எனக்கே கண் கலங்கியிருக்கும். ஆனால் சுவரில் என் கை மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிற வீட்டில், மருமகள் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்தக் கைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அவள் அதைச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தை எழுதிக் காட்ட முடியாது. நான் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

பம்ப் என்றாள். பிறகு கையால் காட்டினாள். பிறகு என் பெயரைச் சொன்னாள். அவள் என்னை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு முறைகூடக் கண் இமைக்கவில்லை. இத்தனை வருஷம் கேமராவுக்கு முன்னால் காட்டாத அந்தப் பார்வையை நான் அன்று பார்த்தேன். கைப்பை என் மடியில் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் சரியாக விழுந்திருந்தது. கையில் கேமரா இல்லையே என்று நினைத்தேன். எல்லாம் அடங்கியபின் ஆல்பங்களைத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டு, க்ளெனுக்குப் போன் செய்தேன்.

மறுநாள் எல்லாம் நன்றாக நடந்தது. பெட்டியை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். வெயில் கேட் பக்கமிருந்து சாய்வாக வந்து எல்லோர் முகத்திலும் விழுந்தது. இவ்வளவு துக்கத்திலும் மௌரீன் எவ்வளவு நிதானமாக இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டார்கள். ஓஸ்வால்ட் பழக்க தோஷத்தில் ஹாலுக்குள் போய்க் கேமராவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். அதற்குள் ஆம்ப்ரோஸ் ஏணியோடு கேட்டைத் திறந்தார். நான் ஓஸ்வால்டிடம், "வேண்டாம்ணா, ஆள் வந்தாச்சு" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்வதற்காக நான் எத்தனை காலம் காத்திருந்தேன் என்பது அவனுக்குத் தெரியாது.

ஆம்ப்ரோஸ் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது க்ளெனிடம், "டீச்சர் முன்னாடியே ஏணி கேட்டாங்க, நான்தான் புரிஞ்சுக்கலை. அம்மாவுக்கு அப்பவே முடியாம இருந்துச்சா?" என்று ஆறுதலாகத்தான் கேட்டிருக்கிறார். க்ளென் என்னிடம் வந்து, "ஏணி எதுக்குக்கா சொன்னே?" என்றான். நான் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்துவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். என் தம்பி என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான். பிறகு உங்களிடம் வந்தான்.

ஆகவே, எழுபத்தேழு வயதான என் அம்மாவுக்கு மூச்சிழுக்கும்படி செய்ததும், பம்பைக் கொடுக்காமல் எதிரே உட்கார்ந்திருந்ததும் நான்தான். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. ஆம்ப்ரோஸைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் மேஜைமேல் இருக்கிற அந்தப் படத்தில் ஒரு பிரதி எனக்கு வேண்டும். ஓஸ்வால்ட் கைக்குட்டையால் முகத்தை மறைத்திருக்கிறான், லீனா குனிந்துவிட்டாள், க்ளென் அம்மாவையே பார்க்கிறான், பரவாயில்லை. எனக்கு முழு முகமும் வந்திருக்கிறது, நெற்றியும் இருக்கிறது, நடுவில் நிற்கிறேன். நான் சிரிப்பதாக நேற்று நீங்கள் சொன்னீர்கள். அது சிரிப்பில்லை, வெளிச்சம் அப்படி விழுந்திருக்கிறது. படத்தில் குறை ஒன்றே ஒன்றுதான். ஆம்ப்ரோஸ் ஏணி மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாகத்தான் சொன்னார், எல்லோருக்கும் கேட்டது. அம்மா மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான்.